பள்ளியில் ஐக்யூ டெஸ்ட் எடுத்து வரச் சொல்கிறார்கள். நம்பி எடுக்கலாமா?

உறையூர் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. திருச்சியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் படிக்கிறான். மனக்கணக்கு நன்றாக வரும். கடையில் மீதிச் சில்லறை எவ்வளவு என்று எனக்கு முன்னால் அவனே சொல்லிவிடுவான். வாசிப்புதான் வரவில்லை. தமிழில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மாறிப் போகின்றன, துணைக்காலை விட்டுவிடுகிறான். இங்கிலீஷில் கேட்கவே வேண்டாம். ஒரு பத்தியை முடிப்பதற்குள் வியர்த்துவிடும், அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு வயிறு வலிக்கிறது என்பான்.

போன மாதம் பெற்றோர் கூட்டத்தில் வகுப்பாசிரியை, "ஐக்யூ டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட் கொண்டு வாங்க, அதைப் பார்த்துத்தான் அடுத்த வருஷம் எந்த செக்‌ஷன் என்று முடிவு செய்வோம்" என்றார். அன்றிலிருந்து வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாகப் பேசுகிறார்கள். இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் நடத்தும் என் அண்ணன், இந்த டெஸ்டே மோசடி, அமெரிக்காவில் ஏழைகளையும் வெளிநாட்டுக்காரர்களையும் முட்டாள் என்று ஒதுக்குவதற்குப் பயன்பட்டது, பிள்ளையைக் கொண்டுபோய் உட்கார வைக்காதே என்கிறார். என் கணவர், ஆண்டு விழாவில் ஸ்டால் போட்டிருந்த கைரேகை டெஸ்ட் போதும் என்கிறார். பத்து விரலையும் ஸ்கேன் செய்து எட்டு வகை அறிவில் எது எத்தனை சதவீதம் என்று கலர் படத்தோடு தருகிறார்களாம். மாமியாருக்கு ஒரே பயம்தான்: ஒரு தடவை நம்பர் எழுதிவிட்டால் பேரன் கல்யாணம் வரை அது கூடவே வரும் என்று.

நான் எம்.காம் படித்தவள். இவ்வளவு பேர் குறை சொல்லும் ஒரு டெஸ்டால் என் பிள்ளைக்கு ஏதாவது கிடைக்குமா? அந்த நம்பர் பள்ளிக்குப் போனால் அவனை என்ன செய்வார்கள்? இதில் அனுபவம் உள்ளவர்கள் விவரமாக எழுதுங்கள்.


நொய்யல்:

சகோதரி, உங்கள் அண்ணன் சொல்வதுதான் சரி. எடுக்காதீர்கள்.

1913இல் ஹென்றி கோடார்ட் என்ற சைக்காலஜிஸ்ட் நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவுக்கு ஆட்களை அனுப்பி, கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு இந்த டெஸ்டைக் கொடுக்கச் சொன்னார். பல நாள் கடலில் கிடந்து, மொழி தெரியாமல், பயந்து நிற்கிற மனிதர்கள். மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேள்வி. கடைசியில் சோதித்த இத்தாலியர், ரஷ்யர், யூதர், ஹங்கேரியர் இவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் என்று எழுதினார். 1927இல் வர்ஜீனியாவில் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்கு மனவயது (அறிவு எந்த வயதுப் பிள்ளையின் அளவு என்ற கணக்கு) ஒன்பதுதான் என்று டெஸ்ட் சொன்னதை வைத்து, கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பு கொடுத்தது. 1924இல் குடியேற்றத்தை முடக்கிய சட்டமும் இந்த டெஸ்டுகளால் வந்ததுதான்.

இதெல்லாம் பழைய கதை என்பார்கள். என் அக்கா மகனுக்கு ஏழு வயதில் ஐக்யூ 68 (சராசரி 100) என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அவன் படித்த பள்ளி அதைப் பார்த்துவிட்டு, "இவனுக்கு ஏற்ற வேறு இடம் பாருங்கள்" என்று டிசியைக் கையில் கொடுத்தது. அக்கா அன்று அழுத அழுகையை நான் மறக்கவில்லை. அந்த நம்பர் அவனுக்கு எந்தக் கதவையும் திறக்கவில்லை, ஒரு கதவை மூடியது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.


வைகைக்கரை:

உறையூர் அம்மாவுக்கும் நொய்யல் தம்பிக்கும் சேர்த்தே எழுதுகிறேன். மதுரையில் குழந்தைகள் வழிகாட்டி மையத்தில் க்ளினிக்கல் சைக்காலஜிஸ்டாகப் பல வருடங்கள் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். இந்த டெஸ்டுகளை எடுத்ததும், ரிப்போர்ட் எழுதியதும்தான் என் பிழைப்பு. அதனால் நீண்ட பதிலாக இருக்கும், பொறுத்துப் படியுங்கள்.

தம்பி சொன்ன வரலாறு உண்மை. கோடார்டும் உண்மை, கேரி பக்கும் உண்மை. 1924 சட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு திருத்தம். அந்தச் சட்டம் கொண்டுவர அங்கே இனவெறி ஏற்கனவே வேண்டிய மட்டும் இருந்தது. நாடாளுமன்ற விவாதத்தில் டெஸ்ட் முடிவுகள் பெரிதாக அடிபடவில்லை என்று வரலாற்றைத் தோண்டிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். டெஸ்ட் எடுத்தவர்கள் அந்த வெறிக்கு விஞ்ஞானச் சாயம் பூசினார்கள் என்பதுதான் அவர்கள் மேல் உள்ள குற்றம். அதுவே போதுமான அளவு பெரிய குற்றம்.

ஆனால் கேரி பக் கதையில் தம்பி சொல்லாமல் விட்ட ஒரு பகுதி இருக்கிறது. கேரிக்கு ஒரு பெண் குழந்தை, பெயர் விவியன். கேரியின் அம்மா, கேரி, குழந்தை என்று மூன்று தலைமுறையும் குறைபாடு உள்ளது என்று காட்டினால்தான் அரசுத் தரப்பு வாதம் நிற்கும். ஏழு மாதக் கைக்குழந்தையைப் பார்த்துவிட்டு வந்த சமூகப் பணியாளர், அதன் பார்வையில் ஏதோ சரியில்லை, இயல்பாகத் தெரியவில்லை என்று சாட்சி சொன்னார். அந்தக் குழந்தை பிறகு பள்ளிக்குப் போய் நல்ல மாணவர்கள் பட்டியலில் இடம் பிடித்தாள். எட்டு வயதில் நோயால் இறந்து போனாள். அவளுடைய அம்மாவுக்கு அநியாயம் செய்ததில் டெஸ்டுக்குப் பங்கு உண்டு. விவியனுக்கு அநியாயம் செய்ய ஒரு மனிதரின் பார்வையே போதுமானதாக இருந்தது. டெஸ்டே வேண்டாம் என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: டெஸ்ட் போன பிறகு அந்த இடத்தில் யார் வந்து உட்காரப் போகிறார்கள்?

முதல் டெஸ்டை 1905இல் பாரிஸில் ஆல்ஃப்ரெட் பினே, சைமன் என்ற மருத்துவரோடு சேர்ந்து செய்ததற்கும் காரணம் இதுதான். எந்தப் பிள்ளைக்குத் தனி வகுப்பு வேண்டும் என்பதை அதுவரை ஆசிரியரும் மருத்துவரும் கண்ணால் பார்த்துச் சொல்லி வந்தார்கள். ஒரே பிள்ளையை ஒரு மருத்துவர் ஒரு பெயரிட்டும் இன்னொரு மருத்துவர் வேறு பெயரிட்டும் எழுதி வைத்திருப்பதைப் பார்த்து பினே எரிச்சல் பட்டார். குறும்பு செய்கிற பிள்ளையை ஆசிரியர் தள்ளிவிடலாம், வீட்டில் வசதி இல்லாத பிள்ளையைத் தள்ளிவிடலாம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கேள்வி, ஒரே முறை என்று வைத்தால் அந்தப் பாரபட்சம் குறையும் என்று நினைத்தார். ஒரு பிள்ளையின் அறிவு இவ்வளவுதான், இனி வளராது என்று சொல்பவர்களை 1909இலேயே கடுமையாக எதிர்த்தும் எழுதினார். 1911இல் அவர் இறந்துவிட்டார். கோடார்டும், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டெர்மன் என்ற சைக்காலஜிஸ்டும் அதை எடுத்துக்கொண்டு போய், பிறவியில் வந்த, மாறாத ஒன்றை அளக்கிற கருவியாக ஆக்கிவிட்டார்கள்.

பொதுவெளியில் இதை முதலில் நன்றாகப் பிடித்து உலுக்கியவர் வால்டர் லிப்மன் என்ற பத்திரிகையாளர், 1922இல். முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் ஏறக்குறைய 17 லட்சம் பேருக்கு டெஸ்ட் கொடுத்திருந்தது. அதை வைத்துச் சராசரி அமெரிக்கனின் மனவயது 14கூட இல்லை என்று நாடெங்கும் பேச்சு. லிப்மன் கேட்டது எளிய கேள்வி: சராசரி மனிதனே சராசரி மனிதனைவிடக் குறைந்த அறிவு உள்ளவன் என்று எப்படி ஆக முடியும்? அளவுகோலைச் செய்தவர்கள் மிகச் சில ஆட்களை மட்டும் வைத்துக் கோடு போட்டதால் வந்த வினை அது. ஆனால் அவர் டெஸ்டை எரிக்கச் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பொருத்தமான வகுப்பில் வைக்க உதவினால் நல்லது, பிறவி அறிவை அளந்துவிட்டோம் என்ற பேச்சுதான் ஆபத்து என்றார். ஒரு நூற்றாண்டு ஆகியும் இதைவிடத் தெளிவான விமர்சனத்தை நான் படித்ததில்லை. ராணுவ டெஸ்டுகளை வைத்து எந்த நாட்டுக்காரன் புத்திசாலி என்று 1923இல் புத்தகம் எழுதிய கார்ல் பிரிகம், 1930இல் தன் முடிவுகள் ஆதாரமற்றவை என்று தானே எழுதித் திரும்பப் பெற்றார்.

இதெல்லாம் எதற்கு என்றால், உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமான ஒரு வழக்கு கலிஃபோர்னியாவில் நடந்தது. அதைச் சொல்லத்தான்.

1968-69 கணக்குப்படி அந்த மாநிலத்துப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் 9 சதவீதம். மூளை வளர்ச்சி குறைந்தவர்களுக்கான தனி வகுப்புகளில் அவர்கள் 27 சதவீதம். சான் ஃபிரான்சிஸ்கோவில் சில பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அந்தப் பிள்ளைகளை அதே இனத்தைச் சேர்ந்த சைக்காலஜிஸ்டுகள் மறுபடி சோதித்தபோது எல்லோரும் வரம்பான 75ஐத் தாண்டினார்கள். பிள்ளைகள் பேசுகிற விதம், வளர்ந்த விதம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து கேட்டதால் வந்த வித்தியாசம் அது. 1979இல் நீதிபதி ராபர்ட் பெக்கம், அந்த வகுப்புகளில் சேர்ப்பதற்காகக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஐக்யூ டெஸ்ட் வைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார். அந்த வகுப்புகள் எப்படிப்பட்டவை என்பதுதான் தீர்ப்பின் உயிர்: அங்கே போன பிள்ளை வழக்கமான பாடத்துக்குத் திரும்பியே வராது. அப்படி ஒரு குழிக்கு ஒரு நம்பரை வைத்துத் தள்ளுவது அநியாயம். இதில் நான் முழுக்கப் பெற்றோர் பக்கம்.

பிறகு 1986இல் தடை விரிவானது. எந்தச் சிறப்பு உதவிக்காகவும் அந்தப் பிள்ளைகளுக்கு ஐக்யூ டெஸ்ட் கூடாது, பெற்றோரே கேட்டாலும் கூடாது. அப்போது ஒரு தாய் தன் மகனுக்கு வாசிப்பில் என்ன சிக்கல் என்று தெரிந்துகொள்ள டெஸ்ட் கேட்டார். பையனுடைய அப்பா கறுப்பினத்தவர், அம்மா லத்தீன் அமெரிக்க வழி வந்தவர். பதிவேட்டில் பையனைத் தாயின் இனத்தில் மாற்றிப் பதிந்தால் டெஸ்ட் எடுக்கலாம், இல்லாவிட்டால் முடியாது என்று பள்ளித் தரப்பில் பதில் வந்தது. அந்தத் தாயும் வேறு சில பெற்றோரும் நீதிமன்றம் போனார்கள். 1992இல் 1986ஆம் வருடத் தடையை நீக்கியவர் அதே நீதிபதி பெக்கம்தான். மேல் நீதிமன்றம் 1994இல் அதை உறுதி செய்தது.

இரண்டு வழக்கிலும் போராடியது பெற்றோர். முதல் வழக்கின் பெற்றோர் தங்கள் பிள்ளையை ஒதுக்குவதற்கு டெஸ்ட் பயன்பட்டதால் எதிர்த்தார்கள். இரண்டாவது வழக்கின் தாய் தன் பிள்ளைக்கு உதவி வேண்டி அதைக் கேட்டார். இருவரும் சரிதான் என்று நான் நினைக்கிறேன். எந்தக் கேள்விக்காக டெஸ்ட் எடுக்கிறோம், முடிவு யார் கையில் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போது உங்கள் பள்ளியின் கேள்வியைப் பாருங்கள் அம்மா. "எந்த செக்‌ஷன்?" அந்தக் கேள்விக்காக டெஸ்ட் எடுக்காதீர்கள். தெளிவாகச் சொல்கிறேன், அதற்கு ஐக்யூ ரிப்போர்ட் கேட்க அவர்களுக்கு நியாயமே இல்லை. உங்கள் மகனுக்கு இருக்கிற கேள்வி வேறு: மனக்கணக்கில் இவ்வளவு கெட்டியான பிள்ளைக்கு வாசிப்பு ஏன் தடுக்குகிறது? அதற்கு முழு மதிப்பீடு எடுங்கள், ஐக்யூ அதில் ஒரு பகுதி மட்டும்.

என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நம் ஊரில் பெரும்பாலும் எம்ஐஎஸ்ஐசி என்ற டெஸ்டோ பினே-காமத் டெஸ்டோ வெக்ஸ்லர் டெஸ்டின் இந்தியப் பதிப்போ எடுப்பார்கள். ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம், ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து. கேள்விகளை இங்கே எழுதக் கூடாது, முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்தால் பயனில்லாமல் போகும். வாயால் பதில் சொல்கிற பகுதி உண்டு, கட்டைகளையும் படங்களையும் வைத்துச் செய்கிற பகுதி உண்டு. அதன் பிறகு கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் தொகுப்பு மாதிரி வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகள்.

இந்த டெஸ்டுகளின் குறையையும் மறைக்க மாட்டேன். பினே-காமத் டெஸ்டை வி.வி. காமத் 1930களில் தார்வாடில் கன்னடம், மராத்தி பேசும் பிள்ளைகளை வைத்துத் தரப்படுத்தினார். இப்போது கையில் இருக்கும் பதிப்பு 1967இல் வந்தது. எம்ஐஎஸ்ஐசியை நாக்பூரில் மாலின் செய்து 1969இல் வெளியிட்டார். உறையூரில் செல்போனோடு வளர்கிற பிள்ளையை அந்தக் காலத்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு நம்பர் போடுகிறோம். காலம் போகப் போக டெஸ்டில் பிள்ளைகள் வாங்குகிற மதிப்பெண் ஏறிக்கொண்டே வருகிறது என்று ஜேம்ஸ் ஃப்ளின் என்ற ஆராய்ச்சியாளர் 1980களில் காட்டினார். அமெரிக்காவில் பத்து வருடத்துக்குச் சுமார் 3 புள்ளி. ஆகவே பழைய அளவுகோலில் போட்ட நம்பரை ஒன்று இரண்டு வித்தியாசத்துக்கெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்வது தவறு.

எந்த டெஸ்டாக இருந்தாலும் அந்த எண்ணுக்கு இரண்டு பக்கமும் ஐந்து புள்ளி போல ஒரு ஊசலாட்டம் உண்டு. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்காகவே ஒரு தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு அங்கே மரண தண்டனை கூடாது. ஆனால் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஐக்யூ 70க்கு மேல் ஒரு புள்ளி இருந்தாலும் அந்தக் குறைபாடு உண்டு என்று வாதிடவே முடியாது என்று இருந்தது. ஃப்ரெடி ஹால் என்ற கைதிக்கு 71. ஊசலாட்டத்தைக் கணக்கில் எடுக்காமல் ஒரு எண்ணை வைத்துக் கதவைச் சாத்தக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. உயிரே போகிற இடத்தில் அந்த ஐந்து புள்ளியின் எடை தெரிந்தது. நம் பள்ளிகளில் 84க்கும் 86க்கும் நடுவில் தினமும் அதே தவறு நடக்கிறது, யாரும் வழக்குப் போடுவதில்லை.

ஏன் 84, 86 என்கிறேன் என்றால், கற்றல் குறைபாட்டுச் சான்றிதழுக்கு 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் ஐக்யூ 85க்கு மேல் இருந்தால்தான் அடுத்த கட்டச் சோதனை என்று இருந்தது. அறிவுசார் குறைபாட்டுக்கு, அன்றாடத் திறன்களை அளக்கும் இன்னொரு சோதனையில் 70க்குக் கீழே வந்தால்தான் சலுகை பெறும் அளவு சதவீதம் கிடைத்தது. அந்த விதிப்படி நடுவில் 78, 80 என்று வருகிற பிள்ளை எங்கே போவான்? சான்றிதழ் கிடையாது, கூடுதல் நேரம் கிடையாது, சொல்வதை எழுதுபவர் கிடையாது. பள்ளியில் "ஸ்லோ லேர்னர்" என்று ஒரு பெயர் மட்டும் கிடைக்கும். என் மேசைக்கு எதிரே அப்படி எத்தனையோ பெற்றோர் உட்கார்ந்து, "ரெண்டு மார்க் கூட்டியோ குறைச்சோ போடுங்க மேடம்" என்று கெஞ்சியிருக்கிறார்கள். ஐக்யூவுக்கும் வாசிப்புக்கும் இடைவெளி இருந்தால்தான் டிஸ்லெக்சியா (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) என்ற பழைய கருத்தையே ஆராய்ச்சியாளர்கள் கைவிட்டு வருகிறார்கள். அமெரிக்காவில் 2004 சட்டத்துக்குப் பிறகு மாநிலங்கள் அந்த இடைவெளியைக் கட்டாயமாகக் கேட்க முடியாது. எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். டெஸ்டைக் குறை சொல்ல மேடை கிடைக்கிறவர்கள் இந்த 70க்கும் 85க்கும் நடுவே நிற்கிற பிள்ளைகளைப் பற்றிப் பேச வேண்டும்.

கடைசியாகக் கைரேகை. அதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். விரல் ரேகை தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி முடிந்துவிடுகிறது. டவுன் சிண்ட்ரோம் போன்ற சில நிலைகளில் ரேகை அமைப்பு மாறியிருக்கும் என்பது மருத்துவத்தில் தெரிந்ததுதான். அதை வைத்து உங்கள் பிள்ளைக்கு இசை அறிவு இத்தனை சதவீதம், கணக்கு அறிவு இத்தனை சதவீதம் என்று சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று சொல்லியிருக்கிறது. அதில் எல்லாப் பிள்ளைக்கும் ஏதோ ஒன்றில் நல்ல சதவீதம் வரும். பெற்றோர் சந்தோஷமாகக் காசு கொடுக்கக் காரணம் அதுதான். ஆனால் உங்கள் மகனுக்குத் துணைக்கால் ஏன் விட்டுப் போகிறது என்று அந்தத் தாள் சொல்லாது.


நெல்லை அப்பா:

மேடம் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். டெஸ்டுக்கு முன்னால் காதையும் கண்ணையும் பார்த்துவிடுங்கள்.

என் மகளுக்கு ஆறு வயதில் ஒரு தனியார் மையத்தில் டெஸ்ட் எடுத்தார்கள். 61 என்று வந்தது. வீட்டில் சாவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. என் அம்மா மட்டும், "பிள்ளைக்குக் காது மந்தமா இருக்குடா, டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டே இருக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டினால், நடுக்காதில் நீர் கட்டி இரண்டு பக்கமும் கேட்கும் திறன் குறைந்திருந்தது. ட்யூப் வைத்தார்கள், கேட்க ஆரம்பித்தாள். அடுத்த வருடம் அரசு மருத்துவமனையில் டெஸ்ட் எடுத்ததில் 94. இப்போது ஏழாம் வகுப்பு படிக்கிறாள், பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அவள்தான் கணக்கு சொல்லிக் கொடுக்கிறாள்.

முதல் மையத்தில் கேள்வியைப் பிள்ளை காதில் வாங்கியதா என்றுகூட யாரும் கேட்கவில்லை. இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.


உறையூர் அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வைகைக்கரை அம்மா எழுதியதை என் கணவருக்கும் அண்ணனுக்கும் வாசித்துக் காட்டினேன். கைரேகைப் பேச்சு வீட்டில் முடிந்தது. அண்ணன் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் கலிஃபோர்னியா தாயின் வழக்கைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறார்.

இன்னும் இரண்டு சந்தேகம். யாரிடம் எடுப்பது, எப்படித் தெரிந்துகொள்வது? ரிப்போர்ட்டைப் பள்ளிக்குக் கொடுத்தே ஆக வேண்டுமா? மாமியாரின் பயம் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.


நொய்யல்:

மேடம், நீங்கள் சொன்ன 84, 86 விஷயம் எனக்குப் புதிது. அக்கா மகனுக்கும் பிறகு ஒரு இடத்தில் 79 என்று வந்தது, அதனால்தான் எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் நல்ல முறையில் எடுத்திருப்பீர்கள். ஊரில் எத்தனை பேர் அப்படி எடுக்கிறார்கள்? நெல்லை அண்ணன் சொன்ன இருபது நிமிட மையம்தானே நிறைய? கெட்டவன் கையில் கொடுத்தால் கெடுதல் செய்யும் என்று தெரிந்த ஒன்றை நல்லவர்களை நம்பி வைத்திருக்கச் சொல்வது எப்படி நியாயம்?


வைகைக்கரை:

தம்பி, உங்கள் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை, இருந்தாலும் நான் நிற்கிற இடத்தைச் சொல்கிறேன். மோசமாக டெஸ்ட் எடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதைச் சத்தம் போட்டுச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நெல்லைக் குழந்தையை எது மீட்டது? பாட்டியின் கவனமும், காது மருத்துவரும், ஒழுங்காக எடுத்த இரண்டாவது டெஸ்டும். அந்த 94 இல்லாவிட்டால் 61தான் பள்ளிப் பதிவேட்டில் நின்றிருக்கும், பாட்டி சொல்வதை யார் கேட்டிருப்பார்கள்? உங்கள் அக்கா மகனை வெளியே அனுப்பியதும் ஒரு பள்ளி நிர்வாகம்தான். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அங்கீகாரம் பெற்ற பள்ளி ஒரு குறைபாட்டைக் காரணம் காட்டிப் பிள்ளையை ஒதுக்க முடியாது. அந்தத் தாளைக் காட்டி டிசி கொடுத்தது சட்டப்படியே தவறு. சண்டை போட வேண்டிய இடம் அந்தப் பள்ளி வாசல்.

உறையூர் அம்மா, எடுப்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த க்ளினிக்கல் சைக்காலஜிஸ்டாக இருக்க வேண்டும். சிஆர்ஆர் எண் (அந்தப் பதிவு எண்) என்ன என்று தயங்காமல் கேளுங்கள், ரிப்போர்ட்டில் கையெழுத்துக்குக் கீழே அது இருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் விசாரித்தால் எங்கே எடுக்கிறார்கள் என்று சொல்வார்கள், செலவில்லை, கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். எடுப்பவர் உங்களிடம் பிரசவம், காய்ச்சல், வலிப்பு, வீட்டு மொழி, பள்ளி மொழி எல்லாம் கேட்க வேண்டும். கேட்காமல் நேரே பிள்ளையை உள்ளே கூப்பிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பையன் வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ். ஆகவே தமிழிலும் வாசிக்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கிலீஷ் மட்டும் வரவில்லை என்றால் அது வேறு, இரண்டிலும் ஒரே மாதிரி தடுக்கினால் அது வேறு.

ரிப்போர்ட் வந்ததும் மொத்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். சப்டெஸ்ட் (டெஸ்டின் உட்பகுதி) ஒவ்வொன்றிலும் எவ்வளவு என்று கேளுங்கள். வாசிப்புச் சிக்கல் உள்ள பல பிள்ளைகளுக்கு, எண்களைக் கேட்டுத் திரும்பச் சொல்வது, குறிகளை வேகமாகப் பார்த்து எழுதுவது இவற்றில் இறங்கியும் யோசித்துச் செய்கிறவற்றில் ஏறியும் இருக்கும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் சுமாரான பிள்ளை என்று ஒரு எண் வரும், இரண்டு உண்மையும் அதில் காணாமல் போகும். இந்த ஏற்ற இறக்கம் மட்டும் டிஸ்லெக்சியா என்று சொல்லிவிடாது, வாசிப்புச் சோதனையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கு ரிப்போர்ட் முழுவதையும் கொடுக்க வேண்டியதில்லை. அது உங்கள் சொத்து. வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்ற பரிந்துரைப் பக்கத்தைத் தனியாக எழுதித் தரச் சொல்லி அதை மட்டும் கொடுங்கள்: முன் வரிசையில் உட்கார வைப்பது, எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்லாமல் இருப்பது, வாயால் பதில் வாங்குவது, இப்படி. அரசுச் சான்றிதழ் நீங்கள் விண்ணப்பித்தால்தான் வரும், தானாக வராது. 2018 வழிகாட்டுதல்படி எட்டு வயதிலிருந்து கொடுத்தார்கள், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்க்க வேண்டும் என்று இருந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு இதெல்லாம் வேண்டும் என்றால் அப்போது அது தேவைப்படும். இப்போதே முடிவு செய்ய வேண்டாம். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள், எந்த நம்பரும் நீங்கள் கொடுக்காமல் யாரிடமும் போகாது.

சான்றிதழ் வந்தாலும் வராவிட்டாலும் வாசிப்புப் பயிற்சியை இந்த மாதமே ஆரம்பித்துவிடுங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது, அங்கே படித்த ஸ்பெஷல் எஜுகேட்டர் திருச்சியில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

டெஸ்டுக்குப் போகிற அன்று பையன் நன்றாகத் தூங்கி, சாப்பிட்டுப் போகட்டும். சளி, காய்ச்சல் இருந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். கண், காது பரிசோதனை முடிவுகளையும், இந்த வருடத் தமிழ், இங்கிலீஷ், கணக்கு நோட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள். திருத்தம் போட்ட பக்கங்களைக் கிழிக்க வேண்டாம், அவைதான் முக்கியம்.